உயிர்மருத்துவப் பொறியியல் (பட்டப்படிப்பு)

உயிர்மருத்துவப் பொறியியல் என்பது பொறியியல் கோட்பாடுகளை நோயறிதல், சிகிச்சை, மறுவாழ்வு ஆகியவற்றுக்குப் பயன்படுத்தும் துறை. மருத்துவக் கருவியியல், மருத்துவப் படிமவியல், உயிர்ப்பொருளியல், உயிர் இயக்கவியல், மருத்துவமனைப் பொறியியல் என்பன இதன் முக்கியப் பிரிவுகள்.

படிப்பு: இந்தியாவில் இது நான்காண்டு இளநிலைப் பட்டம். பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், கணிதம் அடிப்படைத் தகுதி. உடற்கூறியல், உடலியங்கியல், மின்னணுவியல், சமிக்ஞைச் செயலாக்கம் ஆகியன கற்பிக்கப்படும். மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு. கருவிகளின் மின்பாதுகாப்புச் சோதனை இன்றியமையாத பயிற்சி. இதயத்தோடு நேரடியாக இணையும் கருவியிலிருந்து நோயாளிக்குச் செல்லும் கசிவு மின்னோட்டம் இயல்பு நிலையில் 10 மைக்ரோஆம்பியரைத் தாண்டக் கூடாது.

வரலாறு: 1957இல் அமெரிக்க மின்பொறியாளர் ஏர்ல் பேக்கன் மின்கலத்தால் இயங்கும், உடலில் அணியத்தக்க இதயமுடுக்கியை உருவாக்கினார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவான சித்ரா செயற்கை இதய வால்வு 1990இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

வேலைவாய்ப்பு: மருத்துவமனைகளில் வென்டிலேட்டர், டயாலிசிஸ் இயந்திரம் போன்றவற்றின் கொள்முதல், அளவுத்திருத்தம், பராமரிப்பு, நிறுவனங்களில் வடிவமைப்பு, தரக்கட்டுப்பாடு, விற்பனைக்குப் பிந்தைய சேவை, ஆய்வு, கற்பித்தல். மருத்துவச் சாதன விதிகள் 2017 ஒழுங்குமுறைப் பணிகளுக்கும் இடமளிக்கின்றன.