வெறுங்காலும் பையன்கள் காலணியும்

பெண்கள் ஓடக் கூடாது என்று சொன்னவர்கள் பெரும்பாலும் அக்கறையோடுதான் சொன்னார்கள். கருப்பை இறங்கிவிடும், பிள்ளை தங்காது, நெஞ்சு தாங்காது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 நொடியில் உலகச் சாதனையோடு வென்றார். பத்திரிகைகளோ, பெண்கள் சுருண்டு விழுந்ததாகவும் பார்க்கச் சகிக்கவில்லை என்றும் எழுதின. ஓடிய ஒன்பது பேரும் எல்லைக்கோட்டைக் கடந்திருந்தார்கள். ஓடி முடித்த ஆண் மூச்சிரைக்கப் படுத்துக்கிடந்தால் அது வீரம், பெண் படுத்தால் நோய்! அதன்பின் 1960 வரை அந்தத் தூரம் பெண்களுக்கு மறுக்கப்பட்டது. அந்த 1960 ரோமில்தான் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலில் மாரத்தான் வென்றார். பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் வர இன்னும் 24 ஆண்டுகள் ஆயின.

இந்த அக்கறைக்காரர்கள் பெண்ணின் பாதத்தைப் பார்த்தார்களா? 1966இல் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்த பாபி கிப்புக்கு, பெண்ணுடலுக்கு அது இயலாது என்று பதில் வந்தது. ஓடுவதற்கென்று பெண்களுக்குக் காலணியே விற்காத காலம். செவிலியர் அணியும் காலணியில் பயிற்சி செய்தவர், பந்தயத்துக்குப் பையன்களுக்கான புதுக் காலணி வாங்கினார். புதரில் மறைந்திருந்து கூட்டத்தோடு கலந்தார். 3 மணி 21 நிமிடத்தில் முடித்தார். அவரை வருத்தியது கருப்பை அல்ல, புதுக் காலணி தந்த கொப்புளங்கள்.

ஸோலா பட்டின் கதையை என் மாணவியருக்குச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டைனில் வெறுங்காலில் ஓடி வளர்ந்த பெண். 1984 ஜனவரியில் 17 வயதில் 5000 மீட்டரை உலகச் சாதனையைவிட வேகமாக ஓடினார். நிறவெறி அரசின் நாடு விலக்கப்பட்டிருந்ததால் அது ஏற்கப்படவில்லை. தாத்தா பிரிட்டனில் பிறந்தவர் என்பதைக் காட்டி, ஒரு லண்டன் பத்திரிகையின் முயற்சியால் சில வாரங்களில் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது. அதே நாட்டின் கறுப்பினப் பெண்ணுக்கு அப்படியொரு தாத்தாவும் பத்திரிகையும் எங்கே கிடைப்பார்கள்? ஊர்த் தெருவில் தலித் மக்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்த மண்ணில் வாழும் எனக்கு, வெறுங்காலை வெறும் அழகாகப் பார்க்க முடிவதில்லை.

ஆனாலும் லாஸ் ஏஞ்சல்ஸ் 3000 மீட்டர் இறுதிப் போட்டியில் அந்த 18 வயதுக்காரிக்கு நடந்தது அநியாயம். மேரி டெக்கரின் ஆணிக்காலணி அவருடைய குதிகாலுக்கு மேலே கிழித்தது. டெக்கர் தடுமாறி விழுந்தார். இரத்தம் வடியும் காலோடு ஓடிய ஸோலாவை அரங்கமே கூச்சலிட்டு வசைபாடியது. ஏழாவதாக வந்தார். முதலில் அவரைத் தகுதிநீக்கம் செய்த நடுவர்கள், படச்சுருளைப் பார்த்தபின் அதைத் திரும்பப் பெற்றார்கள். ருமேனியாவின் மாரிசிகா புய்கா தங்கம் வென்றது யாருக்கு நினைவிருக்கிறது!

2010 வாக்கில் வெறுங்கால் ஓட்டம் அமெரிக்காவில் நாகரிகமாகிவிட்டது. வெறுங்காலில் பழகியவர்கள் பெரும்பாலும் பாதத்தின் முன்பகுதியை முதலில் ஊன்றுவதால் தரையின் முதல் அதிர்ச்சி குறைகிறது என்பது உண்மை. அந்தச் சுமை மறைந்துவிடுவதில்லை. கெண்டைச் சதைக்கும் குதிகால் நரம்புக்கும் முன்பாத எலும்புகளுக்கும் இடம் மாறுகிறது. காயம் குறையும் என்று விரல்காலணி விற்ற வைப்ரம் நிறுவனம், வாங்கியவர்கள் தொடுத்த வழக்கில் 2014இல் 37.5 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆகவே, மாற விரும்பும் பெண்கள் மண்தரையில் சில நிமிடங்களில் தொடங்கி, வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்டுங்கள். எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலித்தால் நிறுத்துங்கள்.

ஓடுகிற செலவுக்கு ஏற்பச் சாப்பிடாத பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கிறது, எலும்பு மெலிகிறது, விரிசல் விழுகிறது. போதாத உணவு, மாதவிடாய் நிற்றல், எலும்பு மெலிதல் ஆகிய மூன்றின் தொடர்பை மருத்துவ உலகம் ஒரு பெயரிட்டுப் பேசத் தொடங்கியது 1992இல். கருப்பை இறங்கிவிடும் என்று அத்தனை காலம் கவலைப்பட்டவர்கள், இந்தப் பெண்களிடம் வேளைக்குச் சாப்பிட்டார்களா என்றுகூடக் கேட்கவில்லை.