பிக்கப் வண்டியில் சாவிவழி மின்சாரம்

சாவிவழி மின்சாரம் என்பது, வண்டியின் சாவியைத் திருப்பினால் கிடைத்து, சாவியை எடுத்தால் நின்றுவிடும் மின்சாரம் ஆகும். பேட்டரியிலிருந்து எந்நேரமும் கிடைக்கும் நேரடி மின்சாரம் இதற்கு மாறானது. வானொலி, கூடுதல் விளக்கு, மின்விசிறி போன்ற துணைக்கருவிகளை இவ்விரண்டில் எதனுடன் இணைப்பது என்பது, அமெரிக்கப் பிக்கப் வண்டிக்காரர்களின் நீண்டகாலக் கேள்வி. பின்புறம் திறந்த சரக்குத் தட்டுடைய இவ்வண்டிகளை உழவர்களும் குழாய்ப் பணியாளர்களும் கட்டடத் தொழிலாளர்களும் வாங்கித் தத்தம் தொழிலுக்கேற்ற கருவிகளைப் பின்னர் பொருத்திக்கொள்கின்றனர். கருவி வேண்டியபோது இயங்க வேண்டும். மறுநாள் காலையில் வண்டியும் கிளம்ப வேண்டும். இவ்விரு தேவைகளையும் ஒன்றாக நிறைவேற்ற எடுத்த முயற்சிகளே இம்மின்சுற்றின் வரலாறு.

பேட்டரிக்கு முன்

1908ஆம் ஆண்டு வெளிவந்த ஃபோர்டு மாடல் டி வண்டியை முன்புறக் கைப்பிடியைச் சுழற்றியே கிளப்பினர். எஞ்சினின் சுழல்சக்கரத்தோடு சுற்றிய காந்தங்கள் தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தந்தன. இவ்வமைப்பின் பெயர் மேக்னெட்டோ. முகப்பு விளக்குகள் முதலில் கார்பைடு வாயுவால் எரிந்தன. 1915ஆம் ஆண்டு மாடலில் மின்விளக்குகள் வந்தன. அவற்றுக்கும் மேக்னெட்டோவே மின்சாரம் தந்தது. ஆகவே எஞ்சின் வேகமாக ஓடினால் விளக்கு பளிச்சென எரிந்தது, மெதுவானால் மங்கியது, நின்றால் அணைந்தது.

இதில் ஒரு நன்மையும் இருந்தது. அணைக்க மறந்த விளக்கால் வண்டி கிளம்பாமல் போகும் நிலை ஏற்படவில்லை. ஆனால் கைப்பிடி சில வேளைகளில் எதிர்த்துத் திருகி, சுழற்றியவரின் மணிக்கட்டை முறித்தது.

பேட்டரியின் வருகை

சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது. இதில் பேட்டரி, மின்னாக்கி, தீப்பொறி, விளக்கு ஆகியவை ஒரே அமைப்பாக இணைந்தன. மாடல் டியில் 1919ஆம் ஆண்டு மின் ஸ்டார்ட்டர் கிடைக்கலாயிற்று. 1925 ஏப்ரல் 25 அன்று ஃபோர்டு நிறுவனம் தொழிற்சாலையிலேயே பிக்கப் தட்டு பொருத்திய மாடல் டியை 281 டாலர் விலையில் அறிமுகம் செய்தது.

பேட்டரி வந்ததும் புதிய சிக்கல் பிறந்தது. எஞ்சினைச் சுழற்றும் அதே பேட்டரியே விளக்குக்கும் மின்சாரம் தந்தது. இரவில் ஒரு விளக்கை அணைக்க மறந்தால் காலையில் ஸ்டார்ட்டர் சுழலாது. 1930இல் கால்வின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெற்றிடக் குழாய்களால் இயங்கிய அக்கால வானொலிகள் மிகுந்த மின்சாரத்தை உண்டன. நிறுத்திய வண்டியில் அமர்ந்து பாட்டுக் கேட்ட நேரம் முழுவதும் பேட்டரி தேய்ந்தது.

சாவியில் ஒரு தனி நிலை

தொடக்ககால வண்டிகள் பலவற்றில் சாவி தீப்பொறியை மட்டும் இயக்கியது. ஸ்டார்ட்டருக்குத் தனிப் பொத்தானோ மிதியோ இருந்தது. 1949இல் கிரைஸ்லர் நிறுவனம் சாவியைத் திருப்பியே எஞ்சினைக் கிளப்பும் ஸ்விட்சைக் கொண்டுவந்தது. காலப்போக்கில் நிறுத்தம், துணைக்கருவி, ஓட்டம், கிளப்பல் என்ற நிலைகள் பரவலாயின.

துணைக்கருவி நிலையில் வானொலி பாடும். எஞ்சினின் தீப்பொறிச் சுற்றுக்கு மின்சாரம் செல்லாது. கிளப்பும் நொடியில் துணைக்கருவிகளின் மின்சாரம் துண்டிக்கப்படும். ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுப்பதால் பேட்டரியின் வலு முழுவதும் அதற்கே தேவை. சாவியைத் திருப்பும்போது வானொலி ஒரு கணம் ஓய்வதன் காரணம் இதுவே.

1950களின் நடுவில் அமெரிக்க வண்டிகள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. அழுத்தம் இருமடங்கானால் அதே திறனுக்குப் பாதி மின்னோட்டம் போதும். மெல்லிய வயரே கூடுதல் சுமையைத் தாங்கியதால் புதிய கருவிகளைச் சேர்ப்பது எளிதாயிற்று. சிகரெட் பற்றவைக்க அமைந்த துளையும் நாளடைவில் எல்லாக் கருவிகளுக்குமான மின்முனையாயிற்று. சில வண்டிகளில் அது சாவியோடு அணையும். சிலவற்றில் எப்போதும் உயிரோடிருக்கும். வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாததால் ஏமாந்தவர் பலர்.

பியூஸ் பலகையும் ரிலேயும்

1970களில் லாரி ஓட்டுநர்கள் வழியாகச் சிபி ரேடியோ அமெரிக்கா முழுவதும் பரவியது. பிக்கப் உரிமையாளர்களும் அதைத் தாமே பொருத்தினர். ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களின் பியூஸ் பலகையில் பேட்டரி, இக்னிஷன், துணைக்கருவி என எழுத்துச் சுருக்கம் பொறித்த காலி முனைகள் இருந்தன. உரிமையாளர் பின்னர் கருவி சேர்ப்பார் என்பதை எதிர்பார்த்த ஏற்பாடு அது. 1976இல் லிட்டெல்ஃபியூஸ் நிறுவனத்தின் தகடு பியூஸ் வந்தது. கண்ணாடிக் குழல் பியூஸ்களின் இடத்தை அது மெல்லப் பிடித்தது.

விளக்குகள் பெரிதானபோது வேறொரு ஆபத்து எழுந்தது. 55 வாட் விளக்குகள் இரண்டு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். இச்சுமையைச் சாவி ஸ்விட்சின் வழியே செலுத்தினால் அதன் முனைகள் சூடாகிக் கருகும். இதற்குத் தீர்வு, தந்திக் காலத்திலிருந்தே பழக்கமான ரிலே. சாவிவழி மின்சாரத்தில் ஒரு ஆம்பியருக்கும் குறைவானது ரிலேயின் காந்தத்தை இயக்கும். பெருஞ்சுமை பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக நேரே விளக்குக்குச் செல்லும். அந்தப் பியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். அதற்கு முன்னுள்ள வயர் உடற்பகுதியில் உரசி அறுந்தால் தடுக்க எதுவும் இல்லை, தீப்பிடிக்கும்.

ஜெர்மானிய டின் 72552 தரம் இம்முனைகளுக்கு எண் வழங்கியது. 30 பேட்டரியின் நேரடி மின்சாரம், 15 சாவிவழி மின்சாரம், 31 எர்த், 50 ஸ்டார்ட்டர். ரிலேக்களில் காணும் 85, 86, 87 என்ற எண்களும் இத்தரத்தைச் சேர்ந்தவை.

கணினிக் காலம்

இன்றைய வண்டிகள் பலவற்றில் சாவி மின்சாரத்தை நேரே திறப்பதில்லை. கணினிக்குச் செய்தி மட்டும் தருகிறது. எஞ்சினை அணைத்த பின்னும் கதவைத் திறக்கும்வரை, அல்லது சில நிமிடங்கள்வரை, வானொலி இயங்கும் வண்டிகள் உண்டு. பழைய வண்டியில் சோதனை விளக்கால் ஒரு வயரைத் தொட்டுப் பார்த்துக் கண்டறிந்ததை இங்கே அவ்வளவில் உறுதி செய்ய இயலாது. சாவியின் ஒவ்வொரு நிலையிலும் பார்த்து, அணைத்துக் கதவை மூடிச் சற்றுப் பொறுத்து மீண்டும் பார்க்க வேண்டியுள்ளது. கணினியின் வயரில் கைவைத்தால் பழுதும் நேரலாம்.

இதை உணர்ந்து ஃபோர்டு நிறுவனம் 2005ஆம் ஆண்டு மாடல் சூப்பர் டியூட்டி பிக்கப்களில், பின்னர் சேர்க்கும் கருவிகளுக்கென்றே நான்கு ஸ்விட்சுகளை விருப்பத் தேர்வாக வழங்கியது.

ஐந்து ஆம்பியர் கருவி ஒன்று, 60 ஆம்பியர்-மணி பேட்டரியைக் கணக்குப்படி 12 மணி நேரத்தில் காலியாக்கும்; எஞ்சினைக் கிளப்பும் வலு அதற்கு வெகுமுன்பே போய்விடும். மாலையில் மறந்த கருவி விடிவதற்குள் வண்டியை முடக்கிவிடும். மேக்னெட்டோ தானாகவே தந்த அந்தப் பாதுகாப்பைச் சாவி, ரிலே, கணினி என ஒவ்வொரு தலைமுறையும் வேறு வடிவில் மீட்டுவந்திருக்கிறது.