இழையும் இழுவிசையும்: டி.என்.ஏ. ஆய்வு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞான வரலாற்றைத் தனிமனித மேதைகளின் வரலாறாகவே காணும் வழக்கம் நம்மிடையே இன்னும் வலுவாக உண்டு. டி.என்.ஏ. என்றதும் 1953இல் வெளியான இரட்டைச் சுருளி மாதிரியும் வற்சன், கிறிக் என்னும் இரு பெயர்களுமே நினைவுக்கு வருகின்றன. அம்பாறைக் கரையோர மக்களுக்கோ அச்சொல் வேறு வழியாக வந்து சேர்ந்தது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின், கல்முனையில் மீட்கப்பட்ட கைக்குழந்தை ஒன்றின் பெற்றோர் யார் என்பது 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனை மூலம் நீதிமன்றத்தில் உறுதியாயிற்று. இரு நிலைகளிலும் டி.என்.ஏ. ஒரு செய்தியாகவே விளங்கிக்கொள்ளப்படுகின்றது. ஆனால் அது முதற்கண் ஒரு சடப்பொருள், நீளமும் முறுக்கும் கொண்ட இழை, இழுத்தால் உருமாறுவது. இவ்வுண்மை அறியப்பட்ட வரலாற்றையே இங்கு நோக்குகின்றோம். அது நெசவுத் தொழிலிலே தொடங்குகின்றது என்பது கல்முனைக்கு அயலிலுள்ள நெசவூரான மருதமுனையை அறிந்த எமக்குக் கவனத்துக்குரியதாகும்.

பாவு நூலுக்குக் கஞ்சி தோய்ப்பதும், இழுவை கூடினால் இழை அறும், குறைந்தால் தொய்யும் என்று கைப்பதத்தால் உணர்வதும் கைத்தறி நெசவாளரின் அன்றாட அறிவு. பருத்தி நூல் ஈரத்தில் வலுப்பெறும் என்பதும் அவ்வறிவில் அடங்கும். இங்கிலாந்தின் கம்பளித் தொழில் மையமான லீட்ஸில் இத்தகைய அறிவு ஆய்வுகூடத்தினுள் புகுந்தது. நெசவு வணிகக் கழகமொன்றின் பொருளுதவியால் வளர்ந்த பல்கலைக்கழகத் துறையிலே 1928இல் பணியேற்ற வில்லியம் அஸ்ற்பரி, கம்பளி மயிரை இழுக்கும்போது அதன் மூலக்கூறுகளின் மடிப்பு விரிவதை எக்ஸ்-கதிர்ப் படங்களால் காட்டினார். அதே முறையை டி.என்.ஏ. இழைகளில் கையாண்டு, 1938இல் அவரும் புளோரன்ஸ் பெல்லும் அதன் அடுக்குகளுக்கிடையிலான தூரம் ஏறத்தாழ 0.34 நனோமீற்றர் எனக் கண்டனர். கம்பளி முதலாளித்துவத்தின் தேவை மரபியலுக்கு வழி திறந்த விந்தை இது.

1951இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் மொரிஸ் வில்கின்ஸும் அவரது சகாக்களும் டி.என்.ஏ. இழையை ஏறத்தாழ இருமடங்கு நீளத்துக்கு இழுக்கலாம் என அறிவித்தனர். அங்கேயே றொசலின்ட் பிராங்ளின், ஈரப்பதன் கூடும்போது அவ்விழை நீண்டு வேறோர் ஒழுங்கமைப்பை அடைவதை நிறுவினார். நூலின் ஈரம் பற்றிய நெசவாளரின் கவனம் இங்கு அளவீடாக உயர்ந்தது.

எனினும் அவை கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் கட்டுகளே. தனியொரு மூலக்கூறைப் பற்றி இழுக்கும் ஆற்றல் 1992இலேயே கைகூடிற்று. பெரு நாட்டில் பிறந்த கார்லோஸ் புஸ்தமந்தேயின் குழுவினர் அதன் ஒரு முனையைக் கண்ணாடியிலும் மறு முனையைக் காந்த மணியிலும் பிணைத்து இழுத்தனர். சிறு விசையில், வெப்ப அசைவால் சுருண்டிருந்த மூலக்கூறு நிமிர்கின்றது. பின்னர் விசை கூடியும் நீளம் சிறிதே கூடுகின்றது. 1996இல், இவர்களும் பிரெஞ்சு ஆய்வாளரும் தனித்தனியே, ஏறத்தாழ 65 பிக்கோ நியூட்டன் விசையில் அது திடீரென 1.7 மடங்காக நீள்வதைக் கண்டனர். பிக்கோ நியூட்டன் என்பது ஒரு நியூட்டனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. முறுக்கு அவிழ இடமின்றி முனைகளைப் பூட்டினால், இம்மாற்றத்துக்கு ஏறத்தாழ 110 வேண்டும்.

அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் என்னும் இயங்கியல் விதிக்கு இதை உடனே சான்றாக்க எம்மனோர்க்கு ஆவல் எழும். அவ்வாவலை அடக்கிக்கொள்ள வேண்டும். அத்தாவலில் உருவாவது இரு புரிகளும் இணைந்தே நிற்கும் புதிய வடிவமா, அன்றிப் புரிகள் பிரிந்து ஒன்று உரிந்து விலகுவதா என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. 2009இல் ஒளிரும் சாயங்களின் உதவியால் புரி உரிவது கண்கூடாயிற்று. அடுத்து வந்த ஆய்வுகள், வெப்பநிலை, உப்பின் செறிவு, காரச் சோடிகளின் வரிசை, முனைகளின் நிலை ஆகியவற்றுக்கேற்ப இரண்டுமே நிகழலாம் எனக் காட்டின. ஆக, தீர்ப்பை வழங்கியது சூத்திரமன்று, பரிசோதனையே. திட்டவட்டமான சூழ்நிலைகளைத் திட்டவட்டமாக ஆராய்க என்பதே மார்க்சியத்தின் உயிர்நிலை. இலக்கிய ஆய்விலும் அதை மறந்து சூத்திரம் ஒப்புவித்தவர்கள் நாம்.

இது ஆய்வுகூட வேடிக்கையுமன்று. பாக்டீரியாவிலுள்ள ரெக்-ஏ என்னும் புரதம், சிதைந்த டி.என்.ஏ.யைச் சீர்செய்ய ஒத்த வரிசையைத் தேடும்போது அதனை ஒன்றரை மடங்கு நீட்டியே பிடிக்கின்றது. உயிரும் தன் இழையை இழுத்தே பழுது பார்க்கின்றது.

லீட்ஸின் கம்பளிக்கு ஆய்வுகூடம் வாய்த்தது. மருதமுனைத் தறிக்கு வாய்த்ததோ 1977இன் பின்னான தாராள இறக்குமதியும் 2004இன் கடலும். அங்குள்ள விரல்களில் அறிவு குறைவென்று எவரும் கூறவியலாது. அதனை அளவீடாகவும் கோட்பாடாகவும் உயர்த்தும் நிறுவனங்களே கிட்டவில்லை. தறிக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடையிலான இத்தூரம் இயற்கையின் நியதியன்று. வரலாறு ஆக்கிய அதனை வரலாற்றாலேயே மாற்ற இயலும்.