பட்டமளிப்பு வாழ்த்து அட்டையும் பட்டம் பெறாத அறிவும்

பட்டமளிப்பு விழா நெருங்கும்போது வடஇந்தியப் பல்கலைக்கழக விடுதிகளில் ஒரு சிறு கைத்தொழில் உயிர்பெறுகிறது. பட்டம் பெறும் மூத்தவர்களுக்கு இளையவர்கள் வாழ்த்து அட்டை செய்கிறார்கள். கெட்டியான தாளை இரண்டாக மடித்து, கறுப்புத் தாளில் சதுரத் தொப்பி வெட்டி ஒட்டி, அதன் நடுவில் நூற்குஞ்சம் கோத்து, அட்டையைத் திறந்தால் உள்ளே ஒரு புத்தக அடுக்கு எழுந்து நிற்கும்படி அமைத்துத் தருகிறார்கள். பட்டச் சான்றிதழே டிஜிலாக்கரில் கோப்பாகக் கிடைக்கும் காலத்தில், அதற்கான வாழ்த்து மட்டும் இன்னும் கையால் செய்யப்படுகிறது.

இந்த அட்டையில் மூன்று பொருள்கள் உள்ளன: தாள், வெட்டு, மடிப்பு. மூன்றுக்கும் இந்தியாவில் தனித்தனி வரலாறு உண்டு. மூன்றும் நெடிய பயிற்சியால் மட்டுமே வசப்படும் அறிவுகள். எனினும், 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றி, எது கல்வி என்பதைத் தேர்வும் பட்டமும் வரையறுக்கத் தொடங்கியபோது, கையின் அறிவுக்கு அவ்வரையறைக்குள் இடம் கிடைக்கவில்லை. பட்டத்தை வாழ்த்தும் அட்டை, பட்டம் கண்டுகொள்ளாத அறிவால் ஆனது என்பதே இப்பதிவின் கருத்து.

முதலில் தாள். தமிழில் இப்பொருளுக்கு வழங்கும் பெயர்களே அதன் பயணத்தைச் சொல்லிவிடுகின்றன. 'காகிதம்' பாரசீகத்தின் 'காகஸ்' என்னும் சொல்லோடு உறவுடையது. 'கடுதாசி' போர்த்துக்கீசியர் வழி வந்தது. 'தாள்' நம்முடையது; நெற்பயிரின் தண்டைக் குறித்த சொல், புதிய பொருளுக்கு ஏற்றப்பட்டது. வடக்கிலோ, அந்தப் பாரசீகச் சொல்லே ஒரு சமூகத்தின் பெயராயிற்று. தாள் செய்வோர் 'காகஜி' எனப்பட்டனர். ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரிலும், தௌலதாபாத் அருகேயுள்ள காகஜிபுராவிலும் இப்பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. காஷ்மீரில் 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன், சமர்கந்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து இத்தொழிலை நிலைநிறுத்தினார் என்பது மரபு.

காகஜியின் வேலை எளிதன்று. பழைய கந்தலையும் சணல் கயிற்றையும் ஊறவைத்து, சுண்ணாம்பு சேர்த்து, இடித்துக் கூழாக்க வேண்டும். நீர்த்தொட்டியில் கலந்த அக்கூழைப் புல்தண்டுகளால் பின்னிய சல்லடையில் ஒரே சீராக அள்ள வேண்டும். பிறகு பிழிந்து, சுவரில் ஒட்டி உலர்த்தி, மாவுக்கஞ்சி பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். சல்லடையை அசைக்கும் கையின் வேகத்தில்தான் தாளின் கனம் அமைகிறது. அந்த வேகத்தை எழுத்தில் எழுதிவைக்க இயலாது. தந்தையின் அருகில் நின்று மகன் கற்க வேண்டும்.

அரசவைக் கணக்குகளையும் கையெழுத்துப் பிரதிகளையும் தாங்கிய இத்தாள், 19ஆம் நூற்றாண்டில் தன் இடத்தை இழந்தது. செராம்பூரில் 1820இலேயே தாள் உற்பத்திக்கு நீராவி எந்திரம் வந்துவிட்டது. பின்னர், 1882இல் தொடங்கிய டிட்டாகர் ஆலை போன்றவை பெருகின. ஒருபுறம் இறக்குமதித் தாள்; மறுபுறம் சிறைச்சாலைகளில் கைதிகளைக் கொண்டு செய்விக்கப்பட்ட மலிவுத் தாள். அலுவலகங்களும் பள்ளிகளும் இவற்றின் பக்கம் சாய்ந்தபோது காகஜிகளின் தொட்டிகள் வற்றின.

மீட்கும் முயற்சி வார்தாவிலிருந்து வந்தது. காந்தி 1934இல் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்காயர் பயிற்சியும், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பட்டமும் பெற்றவர் அவர். வார்தாவின் மகன்வாடியில் கைத்தாள் உற்பத்தி கற்பிக்கப்பட்டது. சாங்கானேரிலுள்ள தேசியக் கைத்தாள் நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. அங்குள்ள பட்டறைகள் பருத்தித் துணிக் கழிவிலிருந்து தாள் செய்கின்றன. ஆனால் அத்தாள் பதிவேட்டுக்குத் திரும்பவில்லை. திருமண அழைப்பு, பரிசுப்பை, குறிப்பேடு, வாழ்த்து அட்டை ஆகியவற்றுக்கே அது செல்கிறது. ஆவணத்தை இழந்த கைத்தாளுக்கு அன்பளிப்பே புகலிடமாயிற்று.

அடுத்தது வெட்டு. மதுரா, பிருந்தாவனம் பகுதியில் 'சாஞ்சி' என்னும் தாள்வெட்டுக் கலை வழங்குகிறது. (மத்தியப் பிரதேசத்து சாஞ்சித் தூபிக்கும் இதற்கும் தொடர்பில்லை.) கண்ணன் கதைக் காட்சிகளையும், மரம், மயில், பசு ஆகியவற்றையும் நுண்ணிய கத்தரியால் தாளில் வெட்டி எடுப்பார்கள். அந்த அச்சைத் தரையில் வைத்து வண்ணப்பொடி தூவினால் கோலம் உருவாகும். புரட்டாசியை ஒட்டிய பித்ரு பட்ச நாள்களில் கோயில்களில் இது இடப்படும். இக்கலையின் உயிர் வெட்டப்படாத இடத்தில் உள்ளது. எந்தத் துண்டும் தனித்து உதிர்ந்துவிடாதபடி, படம் முழுவதும் மெல்லிய இணைப்புகளால் ஒன்றோடொன்று தொடர்ந்திருக்க வேண்டும். ஓர் இணைப்பைத் தவறாக அறுத்தால் முழு அச்சும் வீண். தொப்பிக்குக் கீழே பெயரைச் சன்னலாக வெட்ட முயலும் மாணவர் அனைவரும் இச்சிக்கலைச் சந்திப்பர்: 'ப', 'ட' போன்ற திறந்த எழுத்துகள் பிழைத்துக்கொள்ளும், 'ழ', 'ஞ' போன்றவற்றின் சுழிகளுக்கு உள்ளிருக்கும் துண்டுகள் உதிர்ந்துவிடும். 2010 தில்லிக் காமன்வெல்த் விளையாட்டுகளின் சின்னப் படங்கள் சாஞ்சிப் பாணியில் அமைந்தபோதுதான் இக்கலையைப் பலர் முதன்முறையாகக் கண்டனர்.

மூன்றாவது மடிப்பு. இங்குதான் வரலாறு வேறு திசையில் திரும்புகிறது. சென்னை மாகாண வருவாய்த் துறை அலுவலரான தண்டலம் சுந்தரராவ், 1893இல் சென்னையில் ஒரு சிறு ஆங்கில நூலை வெளியிட்டார். தாள் மடிப்பின் வழியாக வடிவியல் கற்பிப்பதே அதன் நோக்கம். அதற்குத் தூண்டுகோல், மழலையர் பள்ளிகளில் பயன்பட்ட வண்ணத்தாள் மடிப்புப் பொதி என்று அவரே முன்னுரையில் கூறுகிறார். சதுரத்தில் தொடங்கி, பலகோணங்கள், தொடர்கள், கூம்பு வளைவுகள் வரை அந்நூல் செல்கிறது. ஜெர்மன் கணித அறிஞர் பெலிக்ஸ் கிளைன் தம் நூலில் அதைக் குறிப்பிட்டார். அக்குறிப்பின் வழி அமெரிக்கப் பேராசிரியர்கள் அதை அறிந்து, 1901இல் சிகாகோவில் மறுபதிப்புச் செய்தனர்.

அட்டைத் தொப்பியையே எடுத்துக்கொள்வோம். சதுரத் தாளை இரு மூலைவிட்டங்களிலும் மடித்து விரித்தால், கோடுகள் வெட்டும் புள்ளி சதுரத்தின் மையம். குஞ்சம் கோக்க வேண்டிய இடம் அதுவே. அளவுகோல் தேவையில்லை. இரு பாதிகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதே சான்று. நான்கு மூலைகளையும் அம்மையத்திற்கு மடித்தால் சரியாகப் பாதிப் பரப்புள்ள சதுரம் கிடைக்கும். அட்டையின் மடிப்புக்கோட்டில் செங்குத்தாகச் சம நீளத்தில் இரு வெட்டுகள் இட்டு, இடைப்பகுதியை உட்புறமாகத் தள்ளினால் படியொன்று எழும். புத்தக அடுக்கு நிற்பது அதன்மேல்தான். இவை விளையாட்டுகளாகத் தோன்றலாம். ஆனால் 1936இல் இத்தாலியக் கணித அறிஞர் மார்கெரிட்டா பெலோக், அளவுகோலும் கவராயமும் தீர்க்க இயலாத முப்படிச் சமன்பாடுகளைத் தாள் மடிப்பால் தீர்க்கலாம் எனக் காட்டினார்.

சுந்தரராவின் மடிப்பு உலகக் கணிதத்தில் இடம்பெற்றது. காகஜியின் சல்லடை அசைவும் சாஞ்சிக் கலைஞரின் இணைப்பு நுட்பமும் அவ்வாறு இடம்பெறவில்லை. அறிவின் ஆழத்தில் உள்ள வேறுபாடு இதற்குக் காரணமன்று. முன்னதை ஆங்கிலத்தில், அச்சில், நிறுவல் வடிவில் எழுதக்கூடிய பட்டதாரி ஒருவர் இருந்தார். பின்னவை கையிலிருந்து கைக்கே சென்றன. குமரப்பாவும் சுந்தரராவும் பட்டம் பெற்றபின் கையின் பக்கம் திரும்பியவர்கள். ஆகவே அவர்கள் பெயர் நமக்குத் தெரிகிறது. அவர்களுக்குக் கற்பித்த கைகளின் பெயர் தெரியவில்லை.

மொழியியல் களப்பணியில் பயின்றவர்களுக்கு இது புதிய செய்தியன்று. நம் ஆய்வேடுகளில் சொற்களைத் தருபவர் 'தகவலாளி' ஆகிறார். அவற்றைப் பட்டியலிடுபவர் 'ஆய்வாளர்' ஆகிறார். ஒரு பட்டறையில் நாற்பது கருவிப் பெயர்களைச் சொன்னவர் நன்றியுரையின் ஒரு வரியோடு நின்றுவிட, பட்டம் நம் கைக்கு வருகிறது. அப்பெயர்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு செயல்முறை அறிவு அடங்கியிருக்கிறது என்பதை ஏற்றால், தகவலாளி என்ற சொல்லையே நாம் மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும். இணையாசிரியர் என்று அவர் பெயரை இடுவதற்கு எந்தப் பல்கலைக்கழக விதி தடையாக உள்ளது என்று துறைக் கூட்டங்களில் கேட்கத் தொடங்கலாம்.

இவ்வாண்டு அட்டை செய்யும் மாணவ நண்பர்களுக்கு இரண்டு குறிப்புகள். ஆலைத்தாளுக்கு இழையோட்டம் உண்டு. அதன் போக்கிலேயே மடித்தால் விளிம்பு வெடிக்காது. கைத்தாளில் இழைகள் பலதிசையிலும் படிந்திருப்பதால் அக்கவலை குறைவு. ஆனால் மடிக்குமுன் மழுங்கிய முனையால் கோடு அழுத்திக்கொள்ள வேண்டும். அட்டையின் பின்புறத்தில் உங்கள் பெயரோடு தாள் எந்த ஊரில் செய்யப்பட்டது என்பதையும் எழுதுங்கள்.

உங்கள் வட்டாரத்தில் தாள் செய்தல், வெட்டுதல், பட்டம் கட்டுதல், புத்தகம் தைத்தல் ஆகியவற்றில் வழங்கும் கருவிப் பெயர்கள் தெரிந்தால் கீழே பதிவிடுங்கள். எந்த மொழியாயினும் நன்று. சொன்னவர் பெயரை, அவர் இசைவோடு, சேர்த்தே எழுதுங்கள்.