கவலை கைமாறிய கதை: எஸ்டியிலிருந்து ஸ்ப்ளெண்டர் வரை, அதற்குப் பிறகும்

சாரத்தில் யாரிடமாவது "என்ன வண்டி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டால், மோட்டார் சைக்கிள் என்று பதில் வராது. புல்லட், எஸ்டி, யமஹா, ஸ்ப்ளெண்டர், பல்சர் என்று பெயர்தான் வரும். அந்தப் பெயரை வைத்தே ஆளின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம். எஸ்டி என்று ஆசையாகச் சொல்பவர் அநேகமாக அறுபதைத் தாண்டியிருப்பார். 'ஆர்.எக்ஸ்.' என்று கண்ணை அகலமாக்குபவர் ஐம்பதை ஒட்டியவராக இருப்பார், அல்லது அவரைப் பார்த்து ஏங்கி வளர்ந்த இருபத்தைந்து வயதுக்காரராக இருப்பார்.

ஒரு கம்பெனி வண்டியை விட்டு இன்னொரு கம்பெனி வண்டிக்கு மக்கள் ஏன் மாறுகிறார்கள்? மைலேஜ், விலை, சர்வீஸ், ஸ்டைல் என்று கேட்டவுடன் பதில் வரும். எல்லாமே சரிதான். ஆனால் கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இவற்றுக்கு அடியில் இன்னொன்று ஓடுவது எனக்குத் தெரிகிறது. வண்டி வைத்திருப்பவன் அதோடு சேர்த்து ஒரு கவலையையும் வைத்திருக்கிறான். காலையில் ஸ்டார்ட் ஆகுமா, வழியில் நிற்குமா, பெட்ரோல் கட்டுபடியாகுமா, நாளைக்கு விற்றால் என்ன போகும்? இந்தக் கவலையை யார் சுமப்பது என்பது மாறும்போதெல்லாம், தெருவில் ஓடும் வண்டிகளின் பெயரும் மாறியிருக்கிறது.

வேறு வழி இல்லாத விசுவாசம்

1980-க்கு முன்னால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க முடியாது. எந்தக் கம்பெனி எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசு உரிமம் தீர்மானித்த காலம் அது. 1972-ல் வந்த பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு பத்து வருடம் வரைகூடக் காத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிள் என்றால் முக்கியமாக மூன்றுதான். சென்னைத் திருவொற்றியூரில் செய்த என்ஃபீல்ட் புல்லட், மைசூரில் ஐடியல் ஜாவா செய்த ஜாவா (எழுபதுகளில் அதுவே எஸ்டி ஆனது), ஃபரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் செய்த ராஜ்தூத்.

மூன்றுக்கும் பூர்வீகம் வெளிநாடு. புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து வந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா உருவானது. ஜாவா செக்கோஸ்லோவாக்கியாவின் வண்டி. ராஜ்தூத் 175-க்கு மூலம் போலந்தின் எஸ்.எச்.எல். அங்கே அவை பழையனவாகி மறைந்த பிறகும் இங்கே அதே வடிவில் ஓடிக்கொண்டிருந்தன. இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்ட் 1970-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. திருவொற்றியூரில் உற்பத்தி நிற்கவில்லை.

"அந்தக் காலத்துல ஒரு வண்டி வாங்குனா ஆயுசுக்கும் அதான்" என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, மாற்றுவதற்கு வேறு வண்டி இல்லை என்பது. எஸ்டியின் விளம்பர வாசகமே என்றென்றைக்குமான வண்டி, என்றென்றைக்குமான மதிப்பு என்ற பொருளில் இருந்தது. வாங்குபவனுக்குப் போக்கிடம் இல்லாத சந்தையில் அப்படிச் சொல்வது சுலபம்.

அந்த வண்டிகளின் கவலை முழுக்க ஓட்டுபவனுடையது. பழைய புல்லட்டை வெறுமனே உதைத்தால் ஸ்டார்ட் ஆகாது. அம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அழுத்தி, பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்து, டீகம்ப்ரசரைப் பிடித்து அதைக் கொஞ்சம் தாண்டவிட்டு, அதற்குப் பிறகே உதைக்க வேண்டும். தப்பாக உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். எஸ்டியில் கிக்கரும் கியர் லிவரும் ஒன்றேதான். உள்ளே தள்ளித் திருப்பினால் கிக்கர், மடக்கினால் கியர். எஸ்டியும் ராஜ்தூத்தும் டூ ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலில் அளவாக ஆயில் கலக்க வேண்டும். கூடிப்போனால் புகை, பிளக்கில் கரி. குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பாக்கெட்டில் ஒரு பிளக்கும், சீட்டுக்கு அடியில் ஸ்பேனரும் இல்லாமல் கடலூர் வரைகூட யாரும் கிளம்பமாட்டார்கள்.

ஆக, வண்டி வைத்திருப்பது ஒரு வித்தையாக இருந்தது. அந்த வித்தை வாய்த்தவர்களுக்கு அது பெருமை. வாய்க்காதவர்களுக்கு வண்டியே எட்டாத பொருள்.

100 சிசி

1980-களின் தொடக்கத்தில் அரசு ஒரு கதவைப் பாதி திறந்தது. 100 சிசி வரையிலான இருசக்கர வண்டிகளுக்கு வெளிநாட்டுக் கம்பெனிகளோடு கூட்டுச் சேரலாம் என்றது. நான்கு ஜப்பானியக் கம்பெனிகளும் ஆளுக்கொரு இந்தியக் கம்பெனியோடு வந்தன. ஓசூரில் சுஸுகியோடு டி.வி.எஸ். குழுமம் (1984-ல் இண்ட்-சுஸுகி ஏ.எக்ஸ். 100), தாருஹேராவில் ஹீரோ ஹோண்டா (1985-ல் சிடி 100), எஸ்கார்ட்ஸோடு யமஹா (1985 கடைசியில் ஆர்.எக்ஸ். 100), பஜாஜோடு கவாஸாகி (1986-ல் கே.பி. 100). நான்குமே நூறு சிசியாக வந்ததற்கு வேறு ரகசியம் இல்லை. அதற்கு மேல் அனுமதி கிடையாது.

நான்கில் மூன்று டூ ஸ்ட்ரோக். சிடி 100 மட்டும் ஃபோர் ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம், புகை இல்லை, லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் என்றார்கள். அதன் விளம்பர வாசகம் இன்றும் பலருக்கு நினைவிருக்கும்: 'ஃபில் இட், ஷட் இட், ஃபர்கெட் இட்'. பெட்ரோலை ஊற்று, மூடு, மறந்துவிடு.

இந்த வெற்றிக்கு மைலேஜ்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாண்டிச்சேரியிலிருந்து பார்க்கும்போது அந்தக் காரணம் முழுமையாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் வரி குறைவு. பல ஆண்டுகளாகவே பக்கத்துத் தமிழ்நாட்டைவிட இங்கே பெட்ரோல் விலை குறைவாக இருந்து வருகிறது. கடலூர்க்காரர்கள் எல்லை தாண்டி வந்து டேங்க்கை நிரப்பிக்கொண்டு போவது வழக்கம். ஊரும் தட்டையான ஊர், மேடு கிடையாது. சாரத்திலிருந்து கடற்கரைக்கு சைக்கிளிலேயே போய்விடலாம். மைலேஜ் கணக்கு மட்டும்தான் காரணம் என்றால் இங்கே சிடி 100-க்கு மவுசு குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. காமராஜர் சாலையில் காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் போகிற கூட்டத்தில் முதலில் சிடி 100-ம், பிறகு 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டருமே நிறைந்தன.

அந்த வாசகத்தின் கடைசிச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். மறந்துவிடு. குமாஸ்தாவுக்கும் வாத்தியாருக்கும் வண்டி மேல் காதல் இல்லை. ஒன்பதரைக்கு வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். இதுவரை ஓட்டுபவன் தலையில் இருந்த கவலையைக் கம்பெனி தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. சொன்னதைச் செய்தும் காட்டியது. 2001-ல் எண்ணிக்கையில் உலகின் மிகப்பெரிய இருசக்கர வாகனக் கம்பெனியாக ஹீரோ ஹோண்டா ஆனது இந்த மறதியை விற்றுத்தான்.

மறக்க விரும்பாதவர்களுக்கு ஆர்.எக்ஸ். 100 இருந்தது. நூறு கிலோ எடைக்கு 11 குதிரைத்திறன். தூரத்தில் வரும்போதே அதன் சத்தம் சொல்லிவிடும். ஒரே தெருவில் அப்பா சிடி 100-க்கும் பிள்ளை ஆர்.எக்ஸுக்கும் ஆசைப்பட்டார்கள். காசு யார் கையில் இருந்ததோ, அந்த வண்டி வீட்டுக்கு வந்தது.

புல்லட்காரர்கள் மட்டும் தயங்கினார்கள். அதற்குக் கால் பழக்கமும் ஒரு காரணம். புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஜப்பான் வண்டிகளில் நேர்மாறு. இருபது வருடம் இடது காலால் பிரேக் பிடித்தவர் புது வண்டியில் அவசரத்துக்கு மிதித்தால் கியர்தான் மாறும். வயதான பிறகு வண்டியை மாற்றச் சொன்னால், "காலு கேக்காதுப்பா" என்பார்கள். அவர்கள் சொன்னது விளையாட்டுக்கு அல்ல.

தெருமுனைக் கடை

இந்த மாற்றத்தில் இழந்தவர் ஒருவர் உண்டு. அவர் தெருமுனை மெக்கானிக். எஸ்டியும் ராஜ்தூத்தும் மாதம் ஒருமுறையாவது அவரிடம் வந்தாக வேண்டும். பாயிண்ட் இடைவெளி பார்ப்பது, கார்புரேட்டர் கழுவுவது, சைலன்சரைக் கழற்றிக் கரி எடுப்பது. புல்லட் என்றால் டேப்பெட் சத்தத்தைக் காதாலேயே கேட்டு அட்ஜஸ்ட் செய்வார். ஓட்டுபவனின் கவலையில் பாதி அவருக்குச் சம்பளமாகப் போனது.

சாரத்தில் நான் பழகிய மெக்கானிக் ஒருவர், டூ ஸ்ட்ரோக் காலத்து ஆள், ஒருமுறை சொன்னார்: "வண்டி நல்லா ஆயிடுச்சு தம்பி. நமக்குத்தான் வேலை போச்சு. முன்ன ஒரு வண்டிய பிரிச்சா வீட்டுக்கு அரிசி வரும். இப்ப ஆயில் மாத்துறதோட சரி." அவர் ஜப்பான் வண்டியைக் குறை சொல்லவில்லை. மெச்சித்தான் சொன்னார்.

1991-ல் தொடங்கி 1996, 2000 என்று புகை விதிகள் படிப்படியாக இறுகின. ஆர்.எக்ஸ். 100 1996-ல் நின்றது. அதே ஆண்டில் மைசூர்த் தொழிற்சாலையும் மூடப்பட்டது. டூ ஸ்ட்ரோக் வைத்திருந்தவர்கள் மனம் மாறி விலகினார்கள் என்று சொல்ல முடியாது. ஸ்பேர் கிடைக்கவில்லை, கை தேர்ந்த ஆள் குறைந்தார். வண்டி அவர்களை விட்டுப் போனது.

பெயர் மாறியும் ஆள் மாறாதபோது

இதற்கு நேரெதிரான கதையும் நடந்தது. 2001-ல் டி.வி.எஸ்ஸும் சுஸுகியும் பிரிந்தன. 2010 டிசம்பரில் ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக அறிவித்தன. அடுத்த ஆண்டு கம்பெனியின் பெயர் ஹீரோ மோட்டோகார்ப் ஆனது. "என்ஜின் ஹோண்டாவுது" என்று சொல்லியே இருபத்தைந்து வருடம் விற்ற வண்டி அது. ஹோண்டா போனதும் ஜனங்களும் போய்விடுவார்கள் என்று பலர் எதிர்பார்த்தார்கள். போகவில்லை. ஸ்ப்ளெண்டர் அதே மாதிரி விற்றது.

டேங்க்கில் ஒட்டியிருந்த பெயரை அவர்கள் நம்பவில்லை என்பதுதான் இதிலிருந்து தெரிகிறது. எந்தக் கிராமத்திலும் ஸ்பேர் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் பிரிப்பார், அவசரத்துக்கு விற்றால் உடனே பணம் வரும். இவை மாறாதவரை பெயர் எதுவானால் என்ன?

கையெழுத்து யாருடையது

மாறுபவன் யார் என்ற கேள்வியும் இருக்கிறது. எண்பதுகளின் கடைசியிலிருந்து கல்யாணப் பேச்சில் மோட்டார் சைக்கிளும் சீர்வரிசையில் சேர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் "உங்க இஷ்டம்" என்பார்கள், கூடவே கம்பெனி பெயரையும் சொல்லிவிடுவார்கள். அந்த வண்டிக்காகக் கடன் வாங்கியவர், தான் ஒருநாளும் ஓட்டாத வண்டியின் மைலேஜை விசாரித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வீடுகளில் பிராண்ட் மாறியது பெண்ணின் அப்பாவுடைய கடனில்தான். விற்பனைக் கணக்கில் இது வராது.

அடுத்த பெரிய விலகல் மோட்டார் சைக்கிளிலிருந்தே விலகியது. தொண்ணூறுகளில் வந்த ஸ்கூட்டியும், 2001-ல் வந்த ஹோண்டா ஆக்டிவாவும் கியர் இல்லாத வண்டிகள். காலையில் அம்மா பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டு வருவார், பத்து மணிக்கு அப்பா எடுத்துக்கொண்டு போவார், மாலையில் அக்கா டியூஷனுக்கு ஓட்டுவாள். அது வரைக்கும் வீட்டு வண்டி என்றால் ஒரு ஆணின் வண்டி. பின்சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து வந்தவர்கள் முன்சீட்டுக்கு வந்தபோது, எந்த வண்டி வாங்குவது என்ற பேச்சிலும் அவர்களுக்கு இடம் கிடைத்தது.

அதே 2001-ன் நவம்பரில் பஜாஜ் பல்சர் வந்தது. அதன் விளம்பரம், சந்தேகமே வேண்டாம், இது ஆண்தான் என்றது. வீட்டு வண்டி பொதுவாகிக்கொண்டிருந்த அதே நேரத்தில் ஆண்மையைத் தனியாக எடுத்து விற்றார்கள். மாதத் தவணை சுலபமாகக் கிடைத்ததால் பையன்களால் அதை வாங்கவும் முடிந்தது. 2007-ல் வந்த வெற்றிமாறனின் 'பொல்லாதவன்' இதைச் சரியாகப் பிடித்தது. அதில் தனுஷுக்கு வேலையும் மரியாதையும் பல்சர் வந்த பிறகே கூடிவருகின்றன. வண்டி தொலைந்ததும் எல்லாம் ஆட்டம் காண்கிறது. வண்டி நிற்குமா என்ற பழைய கவலை போய், டியூ கட்ட முடியுமா என்ற புதுக் கவலை வந்திருந்தது.

திரும்பி வந்த புல்லட்

2000-ல் ராயல் என்ஃபீல்ட் பிரிவை விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்று ஐஷர் கம்பெனி யோசித்தது. சித்தார்த்த லால் அவகாசம் கேட்டு எடுத்து நடத்தினார். கியர் இடது காலுக்கு வந்தது. பழைய வார்ப்பிரும்பு என்ஜின் போய்ப் புது என்ஜின் வந்தது, செல்ஃப் ஸ்டார்ட் வந்தது. 2009 இறுதியில் கிளாசிக் 350 வெளியானது. 2010-ல் சுமார் 50,000 வண்டி விற்ற கம்பெனி 2014-ல் மூன்று லட்சத்தைத் தாண்டியது.

வாங்கியவர்களில் பலர் ஸ்ப்ளெண்டரிலும் பல்சரிலும் வளர்ந்தவர்கள். பழைய புல்லட்டின் உருவம் வேண்டும், அது கேட்ட வித்தை வேண்டாம். ஒரு தலைமுறை தள்ளிவிட்ட சிரமத்தை அடுத்த தலைமுறை அழகாக வாங்கிக்கொண்டது. வார இறுதியில் பாண்டிக்கு வருகிறவர்களுக்கு இங்கே வாடகைக்கும் புல்லட் கிடைக்கிறது. ஒரு நாள் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம், அம்மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டியதில்லை.

இப்போது ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. ஆயில் இல்லை, பிளக் இல்லை, கிளட்ச் இல்லை. பெட்ரோல் கவலை தீர்ந்துவிட்டது என்று அதற்கு மாறுகிறார்கள், அது நியாயமும்கூட. ஆனால் முந்தைய எல்லா மாற்றத்திலும் வண்டியைப் பிரிக்க யாராவது ஒருவருக்கு வழி இருந்தது. எஸ்டியை ஓட்டுபவனே பிரித்தான், சிடி 100-ஐ மெக்கானிக் பிரித்தார். மின்சார வண்டி நின்றால் அதைத் திறக்கும் சாவி மென்பொருளாகக் கம்பெனியிடம் இருக்கிறது. சர்வீஸ் சென்டர் எப்போது கூப்பிடும் என்று ஓட்டுபவர் காத்திருக்கிறார். நான் சொன்ன மெக்கானிக், கடைக்குத் தள்ளிக்கொண்டு வரப்பட்ட அப்படி ஒரு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்க கைய வைக்கிறது?" என்று கேட்டார். அடுத்த வண்டி வாங்கும் முன் நாமும் ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி அது.