ஏரி கோடி போகும்போது எதிர்த்து ஏறும் மீன்கள்... பிடிக்கலாமா? சால்மனுக்கும் நம்ம ஊர் கெண்டைக்கும் என்ன தொடர்பு?

வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும் நாட்களில் திருவண்ணாமலை சுற்றுவட்டாரத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு: "ஏரி கோடி போயிடுச்சாம், வா போலாம்!" அடுத்த அரை மணி நேரத்தில் கோடி வாய்க்காலில் வலை, பறி, கொசுவலை, பழைய புடவை என கையில் கிடைத்ததோடு கூட்டம் கூடிவிடும். தண்ணீரை எதிர்த்து துள்ளித் துள்ளி ஏறும் மீன்களை அள்ளுவது கிராமத்தில் ஒரு திருவிழா மாதிரி. ஆனால், அந்த மீன்கள் ஏன் ஏறுகின்றன?

முட்டையிடத்தான்.

கெண்டை, கெளுத்தி, ஆரால் போன்ற நாட்டு மீன்கள் கோடைக்காலத்தில் ஏரியின் ஆழமான இடங்களில் ஒதுங்கிக் கிடக்கும். மழை வந்து தண்ணீர் குளிர்ந்து, புதுவெள்ளம் ஓடத் தொடங்கியதும் சினை முற்றிய மீன்கள் ஓட்டத்தை எதிர்த்துக் கிளம்புகின்றன. அவை தேடிப் போவது ஆழமில்லாத வாய்க்கால், புல் மூழ்கிய கரை, தண்ணீர் நிற்கும் நெல் வயல். குஞ்சுகளுக்கு இரை அங்கேதான் அதிகம், பெரிய மீன்களின் தொல்லையும் குறைவு.

உலகம் முழுக்க பிரபலமான சால்மன் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, பிறந்த ஆற்றின் வாசனையை வைத்தே திரும்பி வருகிறது. பசிபிக் பெருங்கடல் சால்மன் முட்டையிட்டதும் இறந்தே போகும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சால்மன் ஏறி வர வழிவிட, எல்வா ஆற்றில் இருந்த 2 அணைகளை 2011 முதல் 2014 வரை உடைத்தே அகற்றினார்கள். பள்ளி வகுப்பறைத் தொட்டியில் சால்மன் முட்டையைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை மாணவர்களே ஆற்றில் விடும் பழக்கமும் அங்கே உண்டு. நம் கெண்டைக்கு அந்த அளவு விளம்பரம் இல்லை, அவ்வளவுதான்.

'ஏரியில்தான் வருஷா வருஷம் மீன்குஞ்சு விடுறாங்களே, அப்புறம் என்ன?' என்று கேட்கலாம். மீன் பாசி குத்தகை எடுத்தவர்கள் விடுவது பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால். 1957-ல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி ஹார்மோன் ஊசி மூலம் கெண்டை இன மீன்களை முட்டையிட வைத்துக் காட்டினார். அதன்பிறகு இந்தக் குஞ்சுகள் பண்ணையிலேயே கிடைக்கின்றன. ஆனால் வாய்க்காலில் துள்ளும் சின்னக் கெண்டைக்கும் ஆராலுக்கும் அப்படிக் குஞ்சு வாங்கி விடுபவர் யாரும் இல்லை. தானாக முட்டையிட்டால்தான் அடுத்த வருஷம் உண்டு. வயிறு நிறைய சினையோடு ஏறும் ஒரு மீனைப் பிடித்தால், கூடவே நூற்றுக்கணக்கான முட்டைகளும் குழம்புக்குப் போய்விடுகின்றன.

விரால் கதை இன்னும் கொஞ்சம் வேதனையானது. தாயும் தகப்பனும் சேர்ந்து குஞ்சுகளைக் காவல் காக்கும் மீன் இது. செக்கச்செவேல் என்று குஞ்சுக் கூட்டம் மேலே மிதந்தால், பெரிய விரால் கீழேயே இருக்கிறது என்று அர்த்தம். தூண்டில்காரர்களுக்கு இது நல்லாவே தெரியும், அந்த இடத்தில்தான் போடுவார்கள். காவல் போனதும் மற்ற மீன்களுக்கு அந்தக் குஞ்சுகள் இரைதான்.

கேரளாவில் இப்படி ஏறும் மீனைப் பிடிப்பதை 'ஊத்த பிடுத்தம்' என்பார்கள். அங்கே உள்நாட்டு மீன்வளச் சட்டப்படி அது குற்றம். வெடி வைப்பதையும், தண்ணீரில் விஷம் கலந்து மீன் பிடிப்பதையும் 1897-ம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாததும் மீன்களின் இனப்பெருக்கத்துக்காகத்தான். அந்த நாட்களில் மீன் விலை ஏறும்போது எல்லோருக்கும் இது தெரியும், ஏரி விஷயத்தில் மட்டும் பேச்சே இல்லை.

அப்போ மீனே பிடிக்கக் கூடாதா? அப்படி இல்லை. புதுவெள்ளம் ஓடும் முதல் சில நாட்கள் கோடி வாய்க்காலை முழுசாக அடைத்து வலை கட்டாமல், பாதி வழியாவது விடலாம். கொசுவலையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம், அதில் குஞ்சு கூடத் தப்பாது. வயிறு உப்பிய மீன் கையில் சிக்கினால் மேல்பக்க தண்ணீரில் விட்டுவிடலாம். முட்டை பொரிந்து, குஞ்சு வளர்ந்து, கோடையில் ஏரித் தண்ணீர் வற்றும்போது பிடிக்க மீன் இருக்கும்.