அட்டவணைக் கட்டுப்பாடும் நிரைச் சுட்டலும்

திரையில் தரவை நிரைகளாகவும் நெடுவரிசைகளாகவும் அடுக்கிக் காட்டும் டேபிள், கிரிட் போன்ற இடைமுக உறுப்பு அட்டவணைக் கட்டுப்பாடு எனப்படும். நிரலில் அதைக் குறிக்க ஒரு பெயர் போதும். அதிலுள்ள ஒரு நிரையை எப்படிச் சுட்டுவது என்பதற்கு மட்டும் ஒரே விடை இருந்ததில்லை.

உறவுநிலைத் தரவுத்தளக் கோட்பாட்டை 1970இல் வெளியிட்ட எட்கர் காட், நிரைகளுக்கு முன்பின் கிடையாது, திறவுகோல் மதிப்பாலேயே அவற்றை இனங்காண வேண்டும் என வகுத்தார். திரையோ முன்பின் இல்லாமல் எதையும் காட்டாது. பிற்காலக் குழப்பங்களில் பெரும்பாலானவை இம்முரணின் வழிவந்தவை.

1990களின் விஷுவல் பேசிக்கில் புழங்கிய ஃபிளெக்ஸ்கிரிட், நிரை எண்ணையும் நெடுவரிசை எண்ணையும் கொடுத்தால் கட்டத்தின் உரையைத் தந்தது. 1992இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் வேறு வழியில் சென்றது. அதன் தொடர்படிவத்தில் ஐம்பது நிரைகள் தெரிந்தாலும், வடிவமைப்பில் இருப்பது ஒரே ஒரு உரைப்பெட்டிதான். அதன் மதிப்பைக் கேட்டால் நடப்புப் பதிவின் மதிப்பு கிடைக்கும். நிறத்தை மாற்றினாலோ எல்லா நிரைகளும் சேர்ந்து நிறம் மாறும். நிலுவை உள்ள நிரையை மட்டும் சிவப்பாக்க முயன்றவர்களுக்கு இது பெரும் தலைவலி. ஆக்சஸ் 2000இல் நிபந்தனை வடிவூட்டல் வந்தபின்னரே எளிய தீர்வு கிடைத்தது.

ஏஎஸ்பி டாட் நெட்டின் கிரிட்வியூ (2005) இதற்கு நேரெதிர். அங்கே ஒவ்வொரு நிரையும் தனிப் பொருள். வார்ப்புருவிலுள்ள உரைப்பெட்டி நிரைதோறும் புதிதாக உருவாகும். அதை அட்டவணையிடம் பெயர் சொல்லித் தேடினால் வெறுங்கைதான். உரிய நிரையிடம் தேட வேண்டும்.

ஜாவாவின் ஜேடேபிளில் நிரை என்ற பொருளே இல்லை, எண் மட்டுமே உண்டு. தொடக்கத்தில் திரையின் நிரை எண்ணும் தரவு மாதிரியின் நிரை எண்ணும் ஒன்றாகவே இருந்தன. 2006இல் வந்த ஜாவா 6, தலைப்பைச் சொடுக்கி நிரைகளை மாற்றி அடுக்கும் வசதியைத் தந்ததும் இரண்டும் பிரிந்தன. பெயர்வாரியாக அடுக்கிய திரையில் மூன்றாவதாகத் தெரிபவர் தரவில் நாற்பதாவதாக இருக்கலாம். திரை எண்ணை மாதிரி எண்ணாக மாற்றும் செயல்கூறு உடன் வந்தது. அதை அழைக்க மறந்த நிரல் பிழைச்செய்தி ஏதும் காட்டாமல் வேறொருவரின் பதிவை அழித்துவிடும்.

கைபேசிகள் நினைவகச் சிக்கனத்துக்காக இன்னொரு திருப்பத்தைக் கொண்டுவந்தன. ஐபோனின் யூஐடேபிள்வியூ, மேலே நகர்ந்து மறைந்த நிரையின் கட்டத்தையே கீழே வரும் நிரைக்கு மறுபயன் செய்கிறது; ஆண்ட்ராய்டின் லிஸ்ட்வியூவும் 2014இல் வந்த ரீசைக்ளர்வியூவும் அவ்வாறே. ஆகவே கண்ணில் படும் கட்டம் நிரைக்குத் தற்காலிக உடை மட்டுமே. கட்டத்தையே நிரையாகக் கருதிப் பிடித்துவைத்தால், தாமதமாக இறங்கும் படம் வேறொருவர் பெயருக்குப் பக்கத்தில் போய் அமரும்.

இணைய இடைமுக நூலகமாக 2013இல் வெளியான ரியாக்ட், காட் சொன்னதுபோலவே பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்த திறவுகோலைக் கேட்டது. 2019இல் ஐஓஎஸ் 13, அடையாளக் குறிகளைக் கொண்டே நிரைகளைக் கையாளும் தரவுமூலத்தைச் சேர்த்தது. நிரை சேர்ந்ததா, நீங்கியதா, இடம் மாறியதா என்பதை அக்குறிகளை ஒப்பிட்டு அதுவே கணிக்கிறது. ஆனாலும் பயனர் ஒரு நிரையைத் தொட்டால் நிரலுக்கு வந்து சேர்வது இன்றும் பிரிவு எண்ணும் நிரை எண்ணும்தான். அவற்றைத் தரவுமூலத்திடம் கொடுத்து உரிய குறியைப் பெற வேண்டும்.